ஒரு மா நிலத்தில் பன்னிரண்டு மனை

தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை ஏக்கரில் சொல்லும் வழக்கம் இல்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பத்திரத்தில் செண்ட் என்றும் ஏர் என்றும் எழுதியிருந்தாலும் அப்பா வாயில் வருவது "ஆறு மா" என்பதுதான். ஒரு மா என்றால் 14,400 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று 1,200 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு மாவில் பன்னிரண்டு மனை. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக எட்டாவது தேறும்.

அதே ஒரு மாவில் நன்றாக விளைந்த ஆண்டில் பத்துப் பன்னிரண்டு மூட்டை நெல் காணும். விதை, உரம், ஆள்கூலி, அறுவடை எந்திர வாடகை எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று விவசாயி வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தவர், பையனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தவர், ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் என்று நிலத்தை விற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்களில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. நிலம் கை மாறியபோது அதன் மேல் ஓடிய தண்ணீரின் வழி யார் கைக்குப் போனது?

நான் வளர்ந்தது புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, நாகை சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதுதான் அந்த மாதம் முழுக்க ஊரில் பேச்சு. தண்ணீர் வருவதற்கு முன் குடிமராமத்து. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். நிலம் அதிகம் உள்ளவர் அதற்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும். ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால் சர்க்காருடையது. அதிலிருந்து பிரிந்து ஒவ்வொரு வயலுக்கும் போகிற கன்னி வாய்க்கால் எங்களுடையது. இரண்டு முழ அகலம்கூட இருக்காது. ஒருவர் வயலின் ஓரமாக நுழைந்து, இன்னொருவர் வயலை ஊடறுத்து, மூன்றாமவர் மடையில் போய் விழும். அதற்குத் தனிப் பட்டா கிடையாது, வரைபடத்தில் கோடும் கிடையாது. ஆனால் அதை அடைக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. தலைமடைக்காரர் தன் வயல் நிறைந்ததும் மடையை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் மறுநாள் காலை கடைமடைக்காரர் வந்து வாசலில் நிற்பார்.

பாய்கிற வழி இருந்ததைப் போலவே வடிகிற வழியும் இருந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் நாலு நாள் மூழ்கினால் அழுகிவிடும். ஆகவே வடிவாய்க்காலைப் பாசன வாய்க்காலைவிடக் கவனமாகப் பார்த்தார்கள். மழை விட்டதும் குடை பிடித்துக்கொண்டு முதலில் போய்ப் பார்ப்பது பயிரை அல்ல, வடிகாலின் வாயைத்தான். எங்கள் பக்கம் தண்ணீரை உள்ளே கொண்டுவருவது பாதி வேலை, வெளியே அனுப்புவது மீதி வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் டெல்டா.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஊர்க் கூட்டத்தில் யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் கீழே நின்றார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் வெட்டிய கைகளுக்கு வாய்க்காலில் பங்கில்லை. குடியிருக்கும் குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாரருடையது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் அந்த மனையை அதில் வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்கியது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் உழைத்து, இன்று நாகை சாலை ஓரத்தில் ஒரு மனை வாங்கி மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டபோது எனக்கு வயல் போயிற்றே என்ற துக்கம் வரவில்லை. வீடு வேண்டும். ஊர் வளரும். எந்த இடத்தில், எந்த மட்டத்தில், எந்த வழியை விட்டு வளரவேண்டும் என்பதைத்தான் உள்ளாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

நகரத்துக்குள்ளும் தண்ணீரைக் கேட்டுத்தான் ஊர் அமைந்திருந்தது. கோட்டையைச் சுற்றி அகழி. மேற்கே சேவப்ப நாயக்கன் ஏரி. அங்கே சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்வழியாக அய்யன்குளம், சாமந்தான்குளம் என்று நகருக்குள் போகும்படி நாயக்கர் காலத்தில் செய்து வைத்திருந்தார்கள். இன்று ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பு. ஏரியில் தண்ணீர் சேராதபோது குளத்துக்கு ஏது தண்ணீர்? நான் பள்ளியில் படித்த காலத்தில் அய்யன்குளம் குப்பையும் பாசியுமாகக் கிடந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தையும் சாமந்தான்குளத்தையும் தூர்வாரிக் கரை கட்டி, பழைய நீர்வழியையும் தேடி எடுத்தார்கள். நல்ல காரியம். நானூறு ஆண்டுக்கு முந்தைய குழாய் மண்ணுக்குள் இன்னும் இருந்தது என்பதே, ஊரைக் கட்டியவர்கள் எதை முதலில் போட்டார்கள் என்று காட்டுகிறது.

மாற்றம் எப்போது தொடங்கியது என்றால் எங்கள் தலைமுறை 1995 என்று சொல்லும். அந்த ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடந்தது. ராஜராஜன் மணிமண்டபம், தொல்காப்பியர் சதுக்கம், அகலமான சாலைகள் என்று சில மாதங்களில் ஊரின் முகம் மாறியது. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நகரம் கோட்டைக்கு வெளியே தாராளமாகக் காலை நீட்டியது. சாலை போன இடமெல்லாம் மனைக்கல் போயிற்று. வயலில் கலர்க் கொடிகள் பறந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது அந்தக் காலத்து மந்திரச் சொல். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு வரைபடம் இருந்தால் பத்திரம் பதிவாகிவிடும். அந்தக் கையெழுத்துக்கு முன் மண்வெட்டியோடு போய் வடிகாலைப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை.

இப்படித் தமிழ்நாடு முழுக்க நடந்ததைத்தான் 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. பிறகு 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கத் தொடங்கிய மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். உழைத்துச் சேர்த்த காசில் மனை வாங்கியவருக்கு இது தேவையான நிவாரணம்; நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தால் பத்திரம் மட்டும்தான் சீராகும். மண் போட்டு மூடிய வாய்க்கால் எந்தச் செலுத்துச்சீட்டாலும் திரும்பி வராது.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மனைப்பிரிவு. பெயர் வேண்டாம். முறையாக அனுமதி பெற்றதுதான். சாலைகளும் பூங்காவுக்கான இடமும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை. வரைபடத்தில் பெரிய வாய்க்காலை அழகாக நீலத்தில் காட்டி, ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். அதை ஒருவரும் தொடவில்லை. ஆனால் அந்த வயல்களுக்குள்ளே ஓடிய கன்னி வாய்க்கால்களும் சிறு வடிகால்களும் பட்டா நிலத்துக்குள் இருந்தவை. புறம்போக்கு அல்ல. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவற்றுக்கு எண் இல்லை. நில அளவையர் கண்ணுக்கு அவை வெறும் வரப்பு. வயலை மூன்றடி மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்குக் கிழக்கே இன்னும் நெல் விளைகிற நிலம் இருக்கிறது. அது இப்போது பள்ளம்.

சென்ற ஐப்பசி மழையில் அங்கே போயிருந்தேன். உறவில் மாமா முறை ஆகிற ஒரு பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, மனைப்பிரிவின் மதில் சுவர் ஓரத்தில் கம்பால் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"இங்கதான் மாப்ளே வடிகால் இருந்துச்சு. அந்தப் புளியமரத்துக்கு நேரா. மரத்தையும் வெட்டிட்டானுவ, அடையாளமே தெரியல."

"மனு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். வரைபடத்துல வாய்க்கால் இல்லைங்கறாங்க. நானும் எங்கப்பாவும் வெட்டுனது எப்படி மாப்ளே இல்லாமப் போவும்?"

அவர் கேட்டதற்கு நம்மிடம் உள்ள நிர்வாக முறையில் பதில் இல்லை. நிலத்தை உடைமையாகப் பதிந்து வைத்தோம். தண்ணீரை வழக்கமாக விட்டுவிட்டோம். உடைமை விற்பனையாகும்போது வழக்கம் சேர்ந்து விற்பனையாவதில்லை, அழிந்துபோகிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பார்கள். மூன்று மா வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர் எத்தனை வாய்தாவுக்குப் போவார்? பயிர் அழுக நாலு நாள் போதும்.

மேடும் பள்ளமும் வயலோடு நிற்கவில்லை, தெருவுக்கும் வந்துவிட்டன. கரந்தையில் என் அத்தை வீட்டுக்கு நாங்கள் சிறுவயதில் நாலு படி ஏறிப் போவோம். படியில் உட்கார்ந்து தேர்தல் ஊர்வலம், சாமி புறப்பாடு எல்லாம் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். ஒரு படி போயிற்று, பிறகு இன்னொன்று. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். மழை வந்தால் நிலைவாசலில் மணல் மூட்டை. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு நல்லது. அது தெரு முனைக்கு வந்துசேரும்போது ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும் மட்டுமே அங்கே இருக்கிறார்கள். அளவுகோலைக் கையில் பிடித்து நிற்கவேண்டிய தெருக்காரர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

தெரு மட்டம் உயர்வதை வீட்டுக்குள் தண்ணீர் வருகிற தொல்லையாக மட்டும் நினைத்திருந்தோம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு, குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தியதும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர் போன தெரு அது. தேர் மாறவில்லை, பாட்டு மாறவில்லை, நாள் மாறவில்லை. அடியில் சாலையும் மேலே கம்பியும் ஒன்றையொன்று நெருங்கியதை அளந்து பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு துறையிடமும் முழுதாக இல்லை.

அதே மாவட்டத்தில் அளந்து பார்த்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2015 ஏப்ரல் 29 அன்று, ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு, பெரிய கோயில் சித்திரைத் தேர் நான்கு ராஜவீதிகளிலும் ஓடியது. தேர் ஓட வேண்டும் என்று முடிவானதும் வீதியின் அகலத்தைப் பார்த்தார்கள், நீட்டியிருந்த கூரைகளை எடுத்தார்கள், கம்பிகளைக் கழற்றினார்கள். மேலவீதியில் கூட்டத்தோடு நின்று வடம் தொட்ட எனக்கு அன்று இரண்டு மகிழ்ச்சி. ஒன்று தேர். இன்னொன்று, இந்த வீதி இவ்வளவு அகலமா என்று கண்ணால் பார்த்தது. மனசு வைத்தால் மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் மின்வாரியமும் கோயிலும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தெருவைச் சீராக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆண்டுக்கு ஒரு நாள் தேருக்குச் செய்கிறதை ஆண்டு முழுதும் மழைநீருக்குச் செய்ய முடியாதா?

இந்த முடிவுகளை எடுத்தவர்கள் யார் என்று தேடினால் இன்னொரு வருத்தம். நகராட்சியாக இருந்த தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சி ஆனது. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் பெற்றது. அடுத்த மாதமே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை. பழைய பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுவது, சந்தைகளை மாற்றிக் கட்டுவது, அகழிக் கரைக் குடும்பங்களை அப்புறப்படுத்துவது போன்ற பெரிய காரியங்கள் திட்டமாகி நடந்த அந்த ஆண்டுகளில், வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று போய்க் கேட்க ஆள் இல்லை. அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மாற்றலாகிப் போகிறவருக்கு எந்தத் தெருவில் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்று தெரியாது. அது அந்தத் தெருவில் பிறந்தவருக்குத்தான் தெரியும். ஊராட்சிகளிலும் இதே கதை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரைச் சுற்றிய ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பு வந்ததும் அதே சமயத்தில்தான். நூறு நாள் வேலை போய்விடுமே, வரி ஏறுமே என்று மக்கள் பயந்தார்கள். எனக்கு அதோடு இன்னொரு பயம். கிராம சபை என்ற ஒன்றும் போய்விடுமே.

"டெல்டாவுக்குத்தான் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே" என்று கேட்பவர்கள் உண்டு. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பெரிய சாதனை. மீத்தேன், எண்ணெய், இயற்கை எரிவாயு, உருக்காலை போன்ற புதிய திட்டங்களை அது தடுக்கிறது. 2023இல் வடசேரிப் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியல் வந்து, எதிர்ப்பால் எடுக்கப்பட்டபோது அந்தச் சட்டத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது தடுக்கும் தொழில்களின் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. சாலைக்கும் தடை இல்லை. 2022இல் திருவையாறு புறவழிச் சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கத்தில் பயிர் நின்ற வயலில் மண் கொட்டியதை டெல்டா மறக்கவில்லை. பெரிய கம்பெனியை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டோம். வயல் மட்டும் கொல்லைப்புறமாக மா மாவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு வெளியூர்ப் பாடமும் உண்டு, உள்ளூர்ப் பாடமும் உண்டு. நெதர்லாந்தும் ஆற்றுக் கழிமுக நாடு. அங்கே ஒரு புதிய குடியிருப்புக்கோ சாலைக்கோ திட்டம் போட்டால், இதனால் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று நீர் வாரியத்தின் கருத்தை முதலிலேயே கேட்க வேண்டும். 2003 முதல் இது அங்கே சட்டம். அந்த நீர் வாரியங்களுக்கு மக்களே தேர்தலில் ஆள் அனுப்புகிறார்கள்.

உள்ளூர்ப் பாடம் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுக்குக் கழித்தது இவ்வளவு. மீதிக்குத்தான் வரி என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பாயாமல், அதை ஊடறுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிற வாய்க்காலின் நிலத்தைக்கூடத் தனியாகக் கழித்திருக்கிறார்கள். அடுத்த ஊரின் தண்ணீருக்கு இந்த ஊர் நிலத்தில் கணக்கு வைத்திருந்தது ஆயிரம் ஆண்டுக்கு முன். செயற்கைக்கோள் படமும் கணினிப் பட்டாவும் வைத்திருக்கிற நம்மால் ஒரு கன்னி வாய்க்காலைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே டெல்டாவில் இருக்கிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 முதல் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாய்க்கால் வெட்டியவர்களை மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தெந்த வழியில் தண்ணீர் வரும், எந்தெந்த வழியில் வடியும் என்று சர்வே எண்ணோடு ஒரு பட்டியல் போட்டு, பட்டா நிலத்துக்குள் போகிற சிறு வாய்க்கால்களையும் சேர்த்து, தீர்மானமாக நிறைவேற்றுங்கள். புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பரிந்துரைக்கச் சொல்லுங்கள். தெருவில் சாலை போட வரும்போது, பழையதைச் சுரண்டினார்களா என்று நின்று பாருங்கள்.

வயல் மனையாகலாம், அது விற்பவர் உரிமை, வாங்குபவர் தேவை. வாய்க்கால் மனையாகக் கூடாது, அது ஊராருடையது. இதை உங்கள் ஊர்த் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.